ஊராட்சி மன்றக் கூட்டமும் மக்கள் பதிவும்: ஒரு வரலாற்று நோக்கு



ஊராட்சி மன்றக் கூட்டம் ஒன்றிற்குச் சென்று பார்வையாளர் இருக்கையில் அமர்ந்த ஒருவர், தம் கைபேசியை எடுத்து அங்கே பேசப்படுவதைப் பதிவு செய்யலாமா? செய்யலாம் எனின், எந்த விதியின்படி? செய்யலாகாது எனின், தடுக்கும் விதி எது? இவ்வினாக்களே இன்றைய பொழிவின் பொருள்.

மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் நம் அன்றாட வாழ்வைத் தொடும் முடிவுகளுள் பெரும்பாலானவை ஊராட்சி மன்றங்களில்தான் எடுக்கப்படுகின்றன. வடிகாலைத் தூர் வாருவது, தெருவிளக்கு இடுவது, அங்காடிக் கடைக்கு உரிமம் தருவது, திடலை ஒட்டி அடுக்ககம் எழ இசைவு தருவது, வீட்டுக்கு மதிப்பீட்டு வரி விதிப்பது ஆகிய யாவும் அவற்றின் கையில் உள்ளன. இந்நாட்டு மக்கள் அவ்வரியைப் பேச்சு வழக்கில் மலாய் மொழியில் ‘சுக்காய் பிந்து’ என்பர். ‘கதவு வரி’ என்பது அதன் பொருள். நம் வீட்டுக் கதவுக்கு வரி பெறும் மன்றம், தன் கூட்ட அறையின் கதவை நமக்கு எவ்வளவு திறந்து வைத்துள்ளது? அக்கதவின் வழியே உள்ளே சென்றவர், கேட்டதைத் தம்முடன் எடுத்து வர இயலுமா? இவ்விரண்டும் வேறு வேறு உரிமைகள். வரலாற்றில் முதலாவது உரிமை வந்தபின் இரண்டாவது வர நெடுங்காலம் ஆயிற்று. அந்த இடைவெளியையே இங்கு ஆராய்வோம்.

1. கல்லில் பதிந்த கூட்டம்

ஊராட்சிக் கூட்டத்தைப் பதிவு செய்தல் என்றவுடன் தமிழ் மாணவர் நினைவுக்கு வருவது உத்திரமேரூர். காஞ்சிபுரத்தை அடுத்த அவ்வூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விரித்துரைக்கின்றன. இது நம் பாடநூல்களில் உள்ள செய்தியே.

பாடநூல்கள் அவ்வளவாக வற்புறுத்தாத ஒரு கூறு அங்கே உண்டு. ஓலை எடுக்கும் செயல் சபையார் அனைவரும் கூடியிருக்கும்போது நிகழ வேண்டும். குடத்தை அனைவர் கண்ணிலும் படும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். எழுத்தறியாத சிறுவன் ஒருவனே ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பின்பு அப்பெயரை அவன் உரக்கப் படிக்க, அங்குள்ள நம்பிமாரும் படிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும். ஓலையை மறைத்து மாற்ற முடியாதபடி கை விரிந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கிய அறிவு வியக்கத்தக்கது. முடிவு நேரியது என்பதற்குக் காண்போரின் கண்ணே சான்றாக வைக்கப்பட்டது.

இதைப் போற்றும்போது அதன் எல்லையையும் உணர வேண்டும். அச்சபை பிராமணக் குடியிருப்பின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே வாரியத்துக்குத் தகுதி பெற்றனர். உழுதவரும் பெண்டிரும் அதில் இடம் பெறவில்லை. மேலும், கல்லில் எழுதப்பட்டது சபை எடுத்த முடிவு மட்டுமே. அம்முடிவுக்கு முன் யார் என்ன பேசினர், யார் மறுத்தனர் என்பதைக் கல் சொல்லவில்லை. எழுதியதும் சபை, எதை எழுதுவது எனத் தீர்மானித்ததும் சபை. ஆள்வோர் தம்மைப்பற்றி வைக்கும் பதிவு ஒரு வகை, ஆளப்படுவோர் தாமே கேட்டு வைக்கும் பதிவு மற்றொரு வகை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

2. சுகாதார வாரியம் முதல் வாக்குச்சீட்டு வரை

சிலாங்கூரில் நகராட்சியின் தொடக்கம் 1890இல் அமைந்த சுகாதார வாரியம் ஆகும். கோலாலம்பூரின் குப்பை, வடிகால், தீ, கட்டடம் ஆகியவற்றை மேற்பார்த்த அவ்வாரியத்தின் உறுப்பினர்கள் அரசால் அமர்த்தப்பட்டவர்கள். சாலை அமைத்தவரும், இருப்புப்பாதை இட்டவரும், பிரிக்பீல்ட்ஸ் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்ந்தவரும் அவ்வாரியத்தின் ஆணைகளுக்கு உட்பட்டனரே அன்றி, அதன் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் உரிமை பெற்றிலர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1950ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டத்தின்படி 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் தேர்தல் நடந்தது. 1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்தின் 12 இடங்களுக்குத் தேர்தல் நிகழ்ந்தது. அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்துப் போட்டியிட்டு 9 இடங்களை வென்றன. பிற்காலத்தில் நாட்டையே ஆண்ட கூட்டணி அரசியலுக்கு வித்திட்டது ஒரு நகராண்மைக் கழகத் தேர்தல் என்பது குறிப்பிடத்தக்கது. அதே 1952இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களும் தமக்கென மன்றம் தெரிந்தெடுத்துக்கொள்ள வழி திறந்தது. இந்தச் சாலாக் செலாத்தானும் அத்தகைய புதுக்கிராமத்தைக் கொண்ட பகுதியே என்பதை இங்குள்ள முதியோர் அறிவர்.

அக்காலத்தில் மன்றத்துக்கும் மக்களுக்கும் இடையே பாலமாக நின்றவர் செய்தியாளர். கூட்டத்தில் அமர்ந்து, குறிப்பெடுத்து, மறுநாள் இதழில் அவர் எழுதியதே மக்கள் அறிந்த மன்றச் செய்தி. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்கள், ஆங்கிலமும் மலாயும் அறியாத தமிழ்த் தொழிலாளர்க்கு நாட்டு நடப்பைத் தமிழில் கொண்டு சேர்த்தன. அவ்விதழ் 2019இல் நின்றுபோனது. செய்தித்தாளின் இருக்கை ஒன்று காலியாகும்போது, அவ்விருக்கையில் மக்களுக்காக அமர்ந்து கேட்பவர் யார் என்ற வினா எழுகிறது. கைபேசிப் பதிவு பற்றிய பேச்சு இந்த வெற்றிடத்தோடு தொடர்புடையது.

3. நின்ற தேர்தலும் ஆதி நாகப்பன் அறிக்கையும்

1965 மார்ச் முதல் நாள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணமாகக் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில், சில மன்றங்களின் மீது எழுந்த முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை ஒட்டி, மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்கள் இயங்கும் முறையை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவராக விளங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். அவர் நம் தமிழ்ச் சமுதாயத்தைச் சேர்ந்தவர். அவருடைய துணைவியார் ஜானகி, இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் தலைமைப் பொறுப்பு வகித்தவர்.

அவ்வாணையத்தின் அறிக்கை 1968இல் நிறைவுற்றது. குறைகள் இருந்தபோதிலும், அமர்த்தப்படும் மன்றத்தைவிட மக்களால் தெரிந்தெடுக்கப்படும் மன்றமே மேலானது என்பது அதன் முடிவு. குறைகளை ஆராயப் பணிக்கப்பட்ட ஆணையம், அக்குறைகளைக் கண்ட பின்பும் தேர்தலைக் கைவிடச் சொல்லவில்லை. ஆயினும் அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், தன் 15ஆம் பிரிவில் ஊராட்சித் தேர்தல் பற்றிய விதிகளைச் செயலற்றவை ஆக்கியது. 10ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மன்றமும் ஒரு தலைவரையும், 8க்குக் குறையாமலும் 24க்கு மிகாமலும் பிற உறுப்பினரையும் கொண்டது. அவர்களை அமர்த்துவது மாநில அரசு. சிலாங்கூரின் 12 ஊராட்சி மன்றங்களும் இன்று இவ்வாறே அமைகின்றன.

இந்த வரலாற்றை விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. தேர்தல் உள்ள ஊரில், உறுப்பினர் எப்படிச் செயற்பட்டார் என்பதற்கு மக்கள் வாக்குச்சீட்டின் வழியே விடை சொல்வர். தேர்தல் இல்லாத ஊரில் அந்தக் கருவி மக்கள் கையில் இல்லை. எஞ்சியிருப்பவை காண்பதும் கேட்பதும் கேட்டதைப் பிறர்க்குச் சொல்வதுமே ஆகும். ஆகையால், கூட்டத்தைப் பதிவு செய்யும் உரிமை, தேர்தல் உள்ள நாடுகளைவிட நம் நாட்டில் எடை மிகுந்தது.

4. பிரிவு 23 திறந்த கதவு

தேர்தலை நிறுத்திய அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கதவும் திறக்கப்பட்டுள்ளது. அதன் 23ஆம் பிரிவு, ஊராட்சி மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மன்றம் அக்கூட்டத்திலேயே தீர்மானம் இயற்றினால் கதவை அடைக்கலாம். குழுக் கூட்டங்களைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழானது. குழு தானே தீர்மானித்துத் திறந்தாலன்றி அவை மூடியே இருக்கும்.

இப்பிரிவை ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனெனில், முழு மன்றக் கூட்டத்தில் தாம் சென்று அமரலாம் என்பதையே நம்மவருள் பலர் அறிந்திலர். அழைப்பிதழ் வேண்டும், பதவி வேண்டும், யாரேனும் பெரியவர் சொல்லி அனுப்ப வேண்டும் எனக் கருதுவோரே மிகுதி. சட்டமோ, பொதுமக்கள் வரலாம் என்பதை விதியாகவும் வரலாகாது என்பதை விலக்காகவும் வைத்துள்ளது.

ஆனால் அப்பிரிவு ஒலிப்பதிவைப் பற்றியோ நிழற்படத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இந்த மௌனத்தை மன்றத் தலைவர் ஒருவர் தடையாகப் பொருள் கொள்ளலாம். குடியிருப்பாளர் ஒருவர் இசைவாகப் பொருள் கொள்ளலாம். இருவரும் ஒரே அறையில் இருந்தால் பூசல் எழும். கூட்டத்தின் பொருள் மறைந்து, கைபேசியே அன்றைய பொருளாகிவிடும். விதி தெளிவாக இல்லாத இடத்தில் குரல் உயர்ந்தவரே விதியாகிறார்.

நாடாளுமன்றப் பேச்சுகள் சொல்லுக்குச் சொல் அதிகாரபூர்வ அறிக்கையில் ஏறுகின்றன. அதன் அமர்வுகளை நேரலையாகவும் காண்கிறோம். ஊராட்சி மன்றத்துக்கோ பெரும்பாலும் கூட்டக் குறிப்பே உண்டு. கூட்டக் குறிப்பு சுருக்கத்துக்கு உரியது. ‘உறுப்பினர் கேள்வி எழுப்பினார்; அதிகாரி விளக்கமளித்தார்’ என்ற ஒரு வரியில் அரை மணி நேர உரையாடல் அடங்கிவிடும். அந்த விளக்கம் என்ன, அதில் எந்த மாதத்துக்குள் என்ற வாக்குறுதி இருந்ததா என்பதே வடிகால் ஓரத்தில் குடியிருப்பவர்க்கு வேண்டிய செய்தி.

5. டென்பி நகரத்து வழக்கு

நம் ஊராட்சிச் சட்டங்கள் ஆங்கிலேயச் சட்ட மரபில் வளர்ந்தவை. ஆதலால், கூட்டக் கதவு பற்றிய சட்டம் அங்கே எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

வேல்ஸ் பகுதியில் கடலோரத்தில் டென்பி என்றொரு சிறு நகரம் உண்டு. அவ்வூர் இதழாசிரியர் மேசன் என்பார் நகர மன்றத்தைக் குறை கூறி எழுதினார். மன்றம் அவரைக் கூட்டத்துக்கு வரலாகாது எனத் தடுத்தது. அவர் விடவில்லை. மன்றம் நீதிமன்றத்தை நாடியது. 1908இல் வந்த தீர்ப்பு பலரைத் திடுக்கிடச் செய்தது. மன்றக் கூட்டத்தில் இருக்கும் உரிமை செய்தியாளர்க்கும் இல்லை, வரி செலுத்துவோர்க்கும் இல்லை என்பதே அது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிச் செய்தியாளர்க்கு அவ்வுரிமையை வழங்கியது. ஒரு சிற்றூர் இதழாசிரியரின் பிடிவாதம் நாடு முழுவதற்குமான சட்டமாக விளைந்தது.

பொதுமக்களுக்கு அவ்வுரிமை கிடைக்க மேலும் 52 ஆண்டுகள் ஆயின. 1960இல் அதற்கான தனிநபர் சட்ட முன்வரைவைக் கொண்டு வந்தவர் புதிய உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய முதல் உரையே இச்சட்டத்தைப் பற்றியதுதான். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், மன்றம் தீர்மானம் இயற்றி விலக்கலாம் என்ற அதன் அமைப்பு, நம் 23ஆம் பிரிவின் அமைப்பை ஒத்திருப்பதைக் காணலாம்.

அடுத்த படி 1985இல் வந்தது. நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் கூட்டத்துக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என அவ்வாண்டுச் சட்டம் பணித்தது. எனினும் அச்சட்டமே, நிழற்படம் எடுக்கவும், அவையில் இல்லாதார் காணவோ கேட்கவோ வழி செய்யவும் மன்றம் இடந்தர வேண்டியதில்லை எனக் குறித்தது. உள்ளே வரலாம், தாளைப் படிக்கலாம், ஆனால் ஒலியை எடுத்துச் செல்வது மன்றத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது என்பதே இதன் பொருள்.

கைபேசி பரவிய பின்பு இவ்விதி சிக்கலாயிற்று. 2011இல் வேல்ஸ் பகுதியின் ஒரு மாவட்ட மன்றத்தில் பார்வையாளர் இருக்கையிலிருந்து கைபேசியில் படம் பிடித்த பெண்மணி ஒருவரைக் காவலர் கைது செய்து கொண்டு சென்றனர். அந்நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. 2014 ஆகஸ்டு 6ஆம் நாள் இங்கிலாந்தில் புதிய ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. திறந்த கூட்டத்தை எவரும் படம் பிடிக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம், இணையத்தில் உடனுக்குடன் செய்தி வெளியிடலாம் என அவை வகுத்தன. முன் அனுமதி தேவையில்லை. பதிவு செய்வோர்க்கு மன்றம் இயன்ற வசதி செய்து தர வேண்டும். கூட்டம் நடக்கும்போதே உரக்க வருணனை செய்வதை மட்டும் மன்றம் தடுக்கலாம். சட்டப்படி மக்களை விலக்கிய பகுதியில் பதிவும் இல்லை.

1908, 1960, 1985, 2014 என்னும் நான்கு ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். செய்தியாளர் உள்ளே வருதல், மக்கள் உள்ளே வருதல், தாள்களைப் பார்த்தல், ஒலியையும் காட்சியையும் எடுத்துச் செல்லுதல் என நான்கு படிகள். நூறாண்டுக்கு மேல் ஆகியும் ஒவ்வொரு படியிலும் அதே அச்சமே சொல்லப்பட்டது: மக்கள் பார்த்தால் உறுப்பினர் மனம் திறந்து பேசமாட்டார் என்பது. ஒவ்வொரு படியும் ஏறிய பின்னும் மன்றங்கள் தொடர்ந்து கூடின, பேசின, முடிவெடுத்தன.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதே உரிமையை 1953ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டத்தின் வழி வளர்த்தது. அச்சட்டம் இன்று உள்ள நிலையில், வருபவர் எவரும் ஒலியையும் காட்சியையும் பதியலாம். ஓசை, வெளிச்சம், பார்வையை மறைத்தல் ஆகியவற்றால் கூட்டம் தொடர்ந்து கெடுமாயின் மட்டுமே தடுக்கலாம். தடைக்குக் காரணமாக இடையூற்றையே சட்டம் வைத்தது. பேசப்படும் பொருளை வைக்கவில்லை.

6. சாலாக் செலாத்தானுக்கு எந்தக் கூட்டம்?

இனி நம் வாசலுக்கு வருவோம். சாலாக் செலாத்தானும் பிரிக்பீல்ட்ஸும் கோலாலம்பூர் மாநகருக்கு உட்பட்டவை. கிள்ளானும் பெட்டாலிங் ஜெயாவும் சிலாங்கூரைச் சேர்ந்தவை. கிள்ளானில் 2024 பிப்ரவரியில் அரச மாநகர் என்ற தகுதியைப் பெற்ற மன்றம் உண்டு. அதற்கு உறுப்பினர் உண்டு. முழு மன்றக் கூட்டமும் உண்டு. கோலாலம்பூரின் நிலை வேறு. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி 1961 ஏப்ரல் முதல் நாள் நகராண்மைக் கழகம் கலைக்கப்பட்டு, ஆணையர் ஒருவரிடம் அதிகாரம் சென்றது. 1972இல் கோலாலம்பூர் மாநகரானது; 1974இல் கூட்டரசுப் பிரதேசமானது. இன்று டத்தோ பண்டாருக்கு ஆலோசனை வாரியம் உண்டே தவிர, கூடி வாக்களிக்கும் மன்றம் இல்லை. எனவே பதிவு செய்யலாமா என்று கேட்பதற்கு முன், பதிவு செய்ய நமக்கு ஒரு கூட்டம் உண்டா என்று இங்குள்ளோர் கேட்க வேண்டியுள்ளது.

ஆயினும் கோலாலம்பூர் மக்கள் குரல் ஒலிக்கும் இடங்கள் சில உண்டு. நகர்த் திட்ட வரைவுகள் வெளியாகும்போது நடைபெறும் மறுப்புரைக் கேட்புகள் அவற்றுள் முதன்மையானவை. அவற்றில் சொன்னது என்ன, விடை என்ன என்பது காலப்போக்கில் எவ்வளவு பெறுமதி பெறும் என்பதற்குத் தாமான் ரிம்பா கியாரா வழக்கு சான்று.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள அப்பொதுப் பூங்கா நிலத்தில் அடுக்ககம் கட்ட 2017இல் மேம்பாட்டு ஆணை வழங்கப்பட்டது. குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றமும் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தன. அதிகாரம் படைத்தவர் தம் முடிவுக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கை அத்தீர்ப்பால் உறுதி பெற்றது.

இவ்வழக்கிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதே இடத்தில் நெடுவீடுகளில் வாழ்ந்து வந்தோருள் பெரும்பாலோர் பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர், நம்மவர். 1980களில் தோட்டம் கையகப்படுத்தப்பட்டபின், நிலையான வீடு வரும் என்ற நம்பிக்கையில் பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள். கைவிடப்பட்ட திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் இருந்தன. பூங்காவைக் காத்தவர்க்குச் சட்டமும் ஆவணமும் துணை நின்றன. தோட்டத்து மக்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் காதால் கேட்ட வாக்குறுதிகள். சிலாங்கூர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்ட காலத்தில், எத்தனையோ லயங்களில் இதே நிலை. கூட்டத்தில் சொன்ன சொல் காற்றோடு போயிற்று. சொன்னவர் பதவி மாறிச் சென்றார். கேட்டவர் முதுமை அடைந்தார். ‘அன்று சொன்னார்களே’ என்பது சான்றாகாது. பதிவு செய்யப்பட்ட குரல் சான்றாக நிற்க வாய்ப்புண்டு.

7. விதிகள் எவ்வாறு அமைய வேண்டும்?

பதிவு செய்தல் நன்று என்பதால் விதியே வேண்டா என்று கூறுவது பொருந்தாது. பதிவால் தீங்கும் விளையலாம். ஒரு மணி நேரப் பேச்சில் பத்து நொடியை வெட்டி எடுத்து, பேசியவர் நினைக்காத பொருளை ஏற்றிப் பரப்புவது எளிது. வரி கட்ட இயலாத ஏழை ஒருவர் தம் குடும்ப நிலையைச் சொல்லி விலக்கு கேட்கும் காட்சி, ஊரார் கைபேசியில் எல்லாம் சுற்றி வருவது கொடுமை. அவதூறுச் சட்டமும், 1998ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டமும் பதிவைப் பரப்புவோர்மீதும் பாயக் கூடியவை என்பதை மாணவர் மறத்தல் கூடாது.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க விதிகள் சில. திறந்த கூட்டத்தைப் பதிவு செய்ய முன் அனுமதி தேவையில்லை என்பது முதல் விதியாக வேண்டும். அனுமதி கேட்க வேண்டியிருப்பின், குறை கூறுவோர்க்கே அது மறுக்கப்படும் என்பது டென்பி தரும் பாடம். பதிவு செய்வோர் ஒளி பாய்ச்சுதல், நடமாடுதல், உரக்கப் பேசுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கூட்டத்தில் பதிவு நடக்கலாம் என்ற அறிவிப்பை மன்றம் வாயிலில் வைக்க வேண்டும். உறுப்பினரும் அதிகாரிகளும் பொதுப்பணி செய்வோர் ஆதலால் அவர்களைப் படம் பிடிக்கலாம். பார்வையாளரையும் சிறுவரையும் தவிர்க்க வேண்டும். தனிமனிதர் துன்பமோ ஒப்பந்தப்புள்ளி விவரமோ பேசப்படும் பகுதியை மூட வேண்டுமெனில், காரணம் கூறித் தீர்மானம் இயற்றி மூட வேண்டும். தலைவர் ஒருவர் பதிவை நிறுத்தச் சொன்னால், அதன் காரணமும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மன்றமே முழுக் கூட்டத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டும். வெட்டிய பதிவு ஒன்று பரவினால், வெட்டாத பதிவே அதற்கு மருந்து.

சிலாங்கூர் மாநிலம் 2011இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. பினாங்கும் அத்தகைய சட்டத்தை இயற்றியது. தாளைக் கேட்டுப் பெறும் உரிமையை மாநில அளவில் ஏற்றுக்கொண்ட சிலாங்கூரில், ஒலியைப் பற்றியும் எழுத்து வடிவில் விதி வகுப்பது இயற்கையான அடுத்த படியாகும். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதுமில்லை. தம் கூட்ட நடைமுறை விதிகளில் ஒவ்வொரு மன்றமும் சில வரிகளைச் சேர்த்தாலே போதும்.

8. மொழி மன்றத்துக்கு இதில் என்ன வேலை?

இப்பொருளை ஒரு மொழி மன்றத்தில் பேசுவானேன் எனச் சிலர் எண்ணலாம். ஊராட்சி மன்றங்களின் கூட்டம் தேசிய மொழியில் நடைபெறுகிறது, அது முறையே. ஆயினும் நம் முதியோருள் பலர்க்கு, வீட்டு மலாய் தெரிந்த அளவு அலுவலக மலாய் தெரியாது. ‘மேம்பாட்டு ஆணை’, ‘நில வகை மாற்றம்’ போன்ற கலைச்சொற்கள் விரைந்து பேசப்படும்போது, அவர்கள் அவையில் இருந்தும் இல்லாதவரே. பதிவு ஒன்று இருந்தால், அன்று மாலை பேரனோ பேத்தியோ அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டித் தமிழில் பொருள் சொல்லலாம். ஓடிப்போன பேச்சை மொழிபெயர்க்க முடியாது. நின்று கிடக்கும் பேச்சையே மொழிபெயர்க்க முடியும்.

ஆசிரியர்க்கு இங்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். சிலாங்கூர் ஊராட்சி மன்றம் ஒன்றின் முழு மன்றக் கூட்டத்துக்கு மாணவர் சிலரை அழைத்துச் செல்லுங்கள். செல்லுமுன் அம்மன்றத்துக்கு எழுதி, பதிவு பற்றிய அதன் விதியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விதி இல்லை என்ற விடை வருமாயின் அதுவும் ஒரு வரலாற்று ஆவணமே, தேதியிட்டு வையுங்கள். பதிவுக்கு இசைவு இல்லையெனில், கையால் குறிப்பெடுக்கச் செய்யுங்கள். ஐந்து மாணவர் எடுத்த ஐந்து குறிப்புகளையும் பின்னர் ஒப்பிட்டால், ஒரே கூட்டம் ஐந்து வகையாக நினைவில் நிற்பதை அவர்களே காண்பர். வரலாற்றுச் சான்று என்பது யாது என்னும் பாடத்துக்கு இதனினும் சிறந்த வகுப்பறை கிடைப்பது அரிது.

நிறைவுரை

உத்திரமேரூரில் ஓலையை வாங்கியவர் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டத்தின் கதவைத் திறந்து வைத்தது. கேட்டதை எடுத்துச் செல்வது பற்றிப் பேசாமல் விட்டது. அம்மௌனத்தை யார், எப்படி நிரப்புவர் என்பது இன்னும் முடிவாகவில்லை. வேற்றுநாட்டில் அதை நிரப்பியவர் ஒரு சிற்றிதழாசிரியரும், கைபேசியுடன் அமர்ந்திருந்த ஒரு பெண்மணியும் ஆவர். நம் நாட்டில், விதியைக் கேட்டு எழுதும் ஒரு மடலே அதன் தொடக்கமாக இருக்கலாம். அம்மடலை எழுதத் தெரிந்தவர் இவ்வவையில் பலர் உள்ளனர்.